படகு போன பிறகு வரும் அலை

ஊட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கேத்தியில் ஏரி கிடையாது. பள்ளத்தாக்கு முழுக்கக் கேரட்டும் உருளைக்கிழங்கும்தான். ஆனாலும் வீட்டுக்கு விருந்தாளி வந்துவிட்டால் ஊட்டி படகு இல்லத்துக்குப் போகாமல் தீராது. 1820-களில் கலெக்டர் ஜான் சல்லிவன் உருவாக்கிய அந்த ஏரியில் மிதிபடகு, துடுப்புப் படகு, மோட்டார் படகு எல்லாம் ஒரே தண்ணீரில் ஓடுகின்றன. பைக்காரா நீர்த்தேக்கத்துக்குப் போனால் ஸ்பீட் போட்டும் உண்டு.

மோட்டார் படகு கடந்து போய்ச் சில நொடிகள் கழித்துத்தான் மிதிபடகு ஆடத் தொடங்கும். அதற்குள் அந்த ஓட்டுநர் எங்கோ போயிருப்பார். தான் கிளப்பிய அலை யாரை ஆட்டியது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. சிக்கலே இங்கேதான்.

படகு தண்ணீரை விலக்கித் தள்ளும்போது எழும் அலைகள் பின்னால் ஆப்பு வடிவில் விரிகின்றன. ஆழமான நீரில் அந்த ஆப்பு ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 19.5 பாகை என்று 1887-ல் கெல்வின் பிரபு கணக்கிட்டார். வாத்துக்கும் அதே கோணம், கப்பலுக்கும் அதே கோணம். மிக வேகமாகப் போகும் படகுகளுக்கு மட்டும் ஆப்பு ஒடுங்கித் தெரிவதை 2013-ல் பிரெஞ்சு இயற்பியலாளர்கள் இருவர் விளக்கினார்கள்.

வேகம் கூடக்கூட அலையும் பெரிதாகும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். பாதிதான் சரி. ஐந்து மீட்டர் படகு மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் போனால், அது கிளப்பும் அலையின் நீளம் ஒன்றேகால் மீட்டர்கூட வராது. 10 கி.மீ.யைத் தொட்டதும் அலையும் படகும் ஒரே நீளமாகிவிடும். அதற்குமேல் முடுக்கினால் பின்புறம் அலைப் பள்ளத்தில் அமிழ்ந்து, முகப்பு வானத்தைப் பார்க்கும். எஞ்சின் உறுமும், படகு நகர மறுக்கும், பின்னால் தண்ணீர் மலைபோல் எழும். இன்னும் வேகமெடுத்துப் படகு நீர்ப்பரப்பின் மேல் ஏறிச் சறுக்கத் தொடங்கினால் அலை தாழ்ந்துவிடும்.

அதனால் துடுப்புப் படகைப் பார்த்ததும் வேகத்தைப் பாதியாகக் குறைப்பவர் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, அந்த மோசமான நடுவேகத்துக்குள் வந்து விழுகிறார். குறைப்பதென்றால் முகப்பு கீழே இறங்கிப் படகு மட்டமாகும்வரை, அதுவும் தூரத்திலேயே, குறைக்க வேண்டும். கூடுதலாக ஆள் ஏற்றிய படகு இன்னும் ஆழமாக அமிழ்வதால் அலையும் பெருகும்.

'தள்ளித்தானே போனேன்' என்ற சமாதானமும் அவ்வளவாகச் செல்லாது. ஆப்பின் ஓரத்து அலை மெதுவாகத்தான் தணியும். உயரம் பாதியாக எட்டு மடங்கு தூரம் வேண்டும். உயரம் இரட்டித்தாலோ ஆற்றல் நான்கு மடங்கு. கரையை அரிப்பதும் கட்டிவைத்த படகுகளை மோதவிடுவதும் இந்த ஆற்றல்தான். அலையால் வரும் சேதத்துக்குப் படகோட்டியே பொறுப்பு என்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் விதி இருப்பது எனக்கு நியாயமாகவே படுகிறது.

படகின் வடிவத்திலும் பாதி விஷயம் இருக்கிறது. கேரளத்தில் வைக்கம்–தவணக்கடவு இடையே 2017 முதல் ஓடும் 'ஆதித்யா' சூரியசக்திப் படகுக்கு ஒல்லியான இரட்டை அடிப்பாகம். மெலிந்த உடல் தண்ணீரைக் குறைவாகவே கலைக்கும். அலை கிளப்புவதில் வீணாகும் மின்சாரமும் மிச்சம்.

மிதிபடகில் இருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: அலை வருவதைக் கண்டால் பக்கவாட்டில் வாங்காமல், முகப்பைச் சற்றுச் சாய்வாக அதன் பக்கம் திருப்பிவிட வேண்டும். எழுந்து மட்டும் நிற்கக் கூடாது.