முகத்தை மூடினால் முதுகு பேசும்

மும்பை மாட்டுங்காவில் அபிநயத்துக்குப் பஞ்சமில்லை. திருவிடைமருதூர் குப்பையா பிள்ளையின் குடும்பத்தார் 1945-இல் இங்கே ராஜராஜேஸ்வரி பரதநாட்டிய கலா மந்திரைத் தொடங்கியதிலிருந்து, இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகக் கண்ணால் கோபிக்கவும் புருவத்தால் கேலி செய்யவும் கற்று வருகிறார்கள். யசோதையாக அதட்டிவிட்டு அடுத்த நொடியே கண்ணனாக விழிப்பது அவர்களுக்குக் கைவந்த கலை.

நாடக வகுப்பில் அதுவே இடைஞ்சலாகிவிடுகிறது என்பது என் கட்சி. கிழவி என்று சொன்னவுடன் கன்னம் ஒட்டும், கண் சுருங்கும். இடுப்புக்குக் கீழே பதினான்கு வயது அப்படியே நிற்கும். முகம் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவதால் உடம்புக்கு யோசிக்க வேலையே இல்லை.

பாரிஸில் நாடக இயக்குநர் ழாக் கோப்போ இதற்கு வைத்தியம் கண்டார். ஒத்திகையில் கூச்சத்தால் உறைந்துபோன நடிகையின் முகத்தைக் கைக்குட்டையால் மூடினாராம், உடம்பு இளகிவிட்டது. பிறகு அவர் நடத்திய பள்ளியில் முகமூடி பாடமானது. அங்கே படித்த எத்தியேன் தெக்ரூவிடம்தான் மார்செல் மார்சோ மைம் என்னும் பேசா நடிப்பைக் கற்றார். 1956-இல் அதே நகரில் பள்ளி தொடங்கிய ழாக் லெகாக், சிரிப்போ அழுகையோ எழுதாத நடுநிலை முகமூடியில் பாடத்தை ஆரம்பித்து, கோமாளியின் சிவப்பு மூக்கில் கொண்டுபோய் முடித்தார்.

லெகாக்கின் முகமூடி தோலில் செய்தது. நமக்குப் பழைய செய்தித்தாளும் மைதாப் பசையும் போதும். மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டியபின் பேச்சு கிடையாது. முகமூடியைக் கையால் தொடவும் கூடாது. தொட்டால் வெறும் காகிதமாகிவிடும். கண்ணை மட்டும் உருட்டினால் எதிரே இருப்பவருக்குத் தெரியாது. தலை, கழுத்து, நெஞ்சு எல்லாம் சேர்ந்து திரும்பினால்தான் அது பார்வை.

மைமுக்கு வேண்டிய பாடம் தெருவிலேயே கிடைக்கிறது. வெறும் கையால் ஃபில்டர் காபி ஆற்றச் சொல்லிப் பாருங்கள். டம்ளரைப் பிடித்த விரல்களின் இடைவெளி மாறக் கூடாது. மாறினால் டம்ளர் நசுங்கிவிட்டது என்று அர்த்தம். ஊற்ற ஊற்ற மேல் கை லேசாக வேண்டும், டபராக் கை கனக்க வேண்டும். சூடு தெரிய வேண்டியது விளிம்பைப் பிடித்த கட்டைவிரலில். முக்கால்வாசிப் பேர் குடித்து முடித்ததும் டம்ளரைக் கீழே வைக்க மறந்து கையை உதறிவிடுவார்கள். இவ்வளவும் படிந்தபின், அதே காபியை 8.20 லோக்கலுக்கு ஓடுகிற குமாஸ்தாவாகவும், பேப்பர் படிக்கிற ரிட்டயர்டு மாமாவாகவும் குடிக்கச் சொல்ல வேண்டும். பாத்திரம் அப்போதுதான் பிறக்கும்.

முகமூடி ஒன்றும் வெளிநாட்டுச் சரக்கு அல்ல. தஞ்சை மாவட்டம் மெலட்டூரின் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில், பிரகலாத சரித்திரத்துக்கு எடுக்கும் நரசிம்ம முகமூடிக்குப் பூசை உண்டு. அணிபவர் விரதமிருப்பார், ஆவேசம் வந்தால் பிடித்துக்கொள்ள ஆட்கள் நிற்பார்கள். அது ஆளை நிரப்புகிற முகமூடி, லெகாக்குடையது ஆளைக் காலி செய்வது. வகுப்பறைக்குத் தோதானது பின்னதுதான். முன்னதற்கு ஒரு கோயிலும் ஊரும் வேண்டும்.

பழகியபின் வாயைத் திறந்துவிடும் அரை முகமூடிக்கு வரலாம். குரல் எப்படி இருக்க வேண்டும் என்பதை அதற்குள் உடம்பு முடிவு செய்திருக்கும்: கூனிய முதுகுக்குப் பாலக்காட்டு இழுவை, நெஞ்சை நிமிர்த்திய நடைக்கு பம்பாய் ஹிந்தி. ஆண்டுவிழாவுக்கு வசனம் எழுதிக் கொடுக்கிற ஆசிரியர்கள் பேனாவை அதுவரை மூடியே வைத்திருக்கலாம்.