கெராங் ஓடு எலும்பாகுமா?

அவித்த கெராங்கை மிளகாய்ச் சாந்தில் தொட்டுச் சாப்பிட்டு எழுந்தால், தட்டில் மலைபோல் மிஞ்சுவது ஓடுகள்தாம். குப்பைக்குப் போகும் அந்த ஓட்டை, எலும்பில் விழுந்த குழியை நிரப்பும் மருத்துவப் பொருளாக மாற்ற முடியும். செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எலும்பைச் சீராக்க கெராங் ஓட்டைப் பயன்படுத்துவது பற்றிப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர்.

இதன் முதல் படி நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்ததுதான். கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, நீரூற்றி நீற்றினால் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கிடைக்கும். ஆய்வுக்கூடத்திலும் அதே கதைதான். ஓட்டில் 95 விழுக்காட்டுக்கு மேல் கால்சியம் கார்பனேட். சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதை நீற்றி, பாஸ்பாரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பார்கள். 10 பங்கு கால்சியத்துக்கு 6 பங்கு பாஸ்பரஸ் என்ற கணக்கு சரியாக அமைந்தால், ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற வெண்தூள் படியும். நம் எலும்பிலும் பல்லிலும் உள்ள தாதுப்பொருள் ஏறக்குறைய இதுவே. அதனால்தான் உடல் இதை அந்நியமாக ஒதுக்குவதில்லை. தூளை அச்சில் அழுத்தி மீண்டும் சுட்டால் செராமிக் தயார். முட்டை ஓட்டிலிருந்தும் இதைச் செய்யலாம்.

இது நமக்கு எதற்கு? செயற்கைப் பல் பொருத்தத் தாடை எலும்பு போதாதபோது, அங்கே எலும்புத் தூள் வைப்பார்கள். அதை நோயாளியின் உடலிலிருந்தே எடுத்தால் இன்னொரு காயம். பதப்படுத்திய மாட்டெலும்பும் பன்றியெலும்பும் புழக்கத்தில் உண்டு. இந்துவோ முஸ்லிமோ, பல குடும்பங்களுக்கு இது மனத்தை உறுத்தும் செய்தி. ஓட்டிலிருந்து வரும் பொருள் அவர்களுக்கு இன்னொரு வழியைத் திறக்கிறது.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. இந்தச் செராமிக் கெட்டியானது. ஆனாலும் எளிதில் நொறுங்கும். தொடையெலும்பைப்போல் தனியாக உடல் எடையைத் தாங்காது. குழியை நிரப்பவும், உலோக மூட்டின்மேல் பூசவுமே ஏற்றது. மேலும், கடல் ஓட்டில் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் கலந்திருக்கக்கூடும். தூய்மைச் சோதனையும் மருத்துவப் பரிசோதனைகளும் முடிந்த பிறகே மனித உடலுக்குள் போக வேண்டும். வீட்டில் ஓட்டை இடித்துத் தின்பது மருத்துவமாகாது.

அடுத்தமுறை பல் மருத்துவர் எலும்புத் தூள் வைக்க வேண்டும் என்றால், ‘இது எதிலிருந்து செய்தது, டாக்டர்?’ என்று தயங்காமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை.