சென்னை லீக் துடுப்பாட்டமும் மறைந்த மைதானங்களும்

சென்னை லீக் துடுப்பாட்டம் என்பது சென்னையில் உள்ள துடுப்பாட்டக் கழகங்களுக்கிடையே ஆண்டுதோறும் பல பிரிவுகளாக நடைபெறும் போட்டித் தொடர் ஆகும். கிரிக்கெட் எனப் பரவலாக அறியப்படும் துடுப்பாட்டத்தில், மாநில அணிக்கும் நாட்டு அணிக்கும் அடுத்த கீழ்ப்படியாக இது விளங்குகிறது. இத்தொடரைத் தமிழ்நாடு துடுப்பாட்டச் சங்கம் நடத்துகிறது. முதல் பிரிவில் வெல்லும் அணிக்குப் பாளையம்பட்டி ராஜா கேடயம் வழங்கப்பட்டு வந்துள்ளது.

அமெரிக்காவின் சிறு நகரங்களில் ஆடப்படும் மைனர் லீக் பேஸ்பாலுடன் இதனை ஒப்பிடலாம். 1949 ஆம் ஆண்டில் அங்கு 59 லீக்குகள் இருந்தன. தொலைக்காட்சி பரவிய பின்னர் அவற்றுள் பெரும்பாலானவை கலைந்தன, அவற்றின் ஆட்டக்களங்களும் இடிக்கப்பட்டன. ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. அங்கு ஓர் ஊரின் அணிக்கு அவ்வூரின் ஆட்டக்களம் அடையாளமாக இருந்தது. சென்னையிலோ பெரும்பாலான கழகங்களுக்குச் சொந்த மைதானம் இருந்ததே இல்லை. கல்லூரி, பள்ளி, மாநகராட்சி ஆகியவற்றின் நிலங்களிலேயே அவை ஆடி வந்தன. இதனால் ஒரு மைதானம் மறைந்தபோது கழகத்தின் பெயர் மட்டும் வேறிடத்திற்கு நகர்ந்தது.

தோற்றம்

1846 இல் ஆங்கிலேயர்கள் சென்னைத் துடுப்பாட்டக் கழகத்தைத் தொடங்கினர். சேப்பாக்கம் மைதானம் இக்கழகத்தின் இடமாக இருந்தது. இந்தியர்கள் இதில் உறுப்பினராக முடியாது. இந்நிலையில் மயிலாப்பூர் லஸ் பகுதியைச் சேர்ந்த செல்வந்தரான மோ. வெ. மகிபதி நாயுடு, 1888 இல் இந்தியர்களுக்கென மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை நிறுவினார். புச்சி பாபு நாயுடு என்ற பெயரிலேயே இவர் பெரிதும் அறியப்படுகிறார். சேப்பாக்கத்தில் ஆட வந்த இந்தியர்கள் ஆட்ட இடைவேளையில் ஆங்கிலேயருடன் அரங்கினுள் அமர இடமின்றி மரத்தடியில் உணவருந்த நேர்ந்ததே இக்கழகம் தோன்றக் காரணம் எனக் கூறப்படுகிறது.

புச்சி பாபு ஆங்கிலேயர் அணியையும் இந்தியர் அணியையும் மோதவைக்க ஏற்பாடு செய்தார். எனினும் 1908 டிசம்பரில், அப்போட்டிக்குச் சில நாட்களுக்கு முன்னர் அவர் காலமானார். பின்னர் இது மாகாணப் போட்டி என்ற பெயரில் 1915 முதல் பொங்கலையொட்டி நடைபெறலாயிற்று. விடுதலைக்குப் பின் ஆங்கிலேயர் அணி திரட்டுவது அரிதாகவே, 1952 உடன் இப்போட்டி நின்றது. பொங்கலையும் துடுப்பாட்டத்தையும் சேர்த்தே நினைக்கும் சென்னை வழக்கம் இப்போட்டியிலிருந்து வந்தது. பின்னாளில் அவ்வழக்கம் டெஸ்ட் போட்டிகளுக்கு மாறியது.

புச்சி பாபுவின் மகன்களும் துடுப்பாட்டக்காரர்களே. அவர்களுள் கோட்டா ராமசாமி 1922 இல் டேவிஸ் கோப்பை டென்னிசிலும் 1936 இல் இந்திய டெஸ்ட் அணியிலும் ஆடியவர். லஸ் வட்டாரத்தின் தோட்டவீடுகளைச் சூழ்ந்திருந்த வெளிகள் இக்குடும்பத்தினர் போன்றோருக்குப் பயிற்சிக் களங்களாக இருந்தன. அத்தோட்டங்கள் இருபதாம் நூற்றாண்டில் மனைகளாகப் பிரிக்கப்பட்டன. தோட்டத்தின் இடத்தில் தெருக்களும் அடுக்குமாடிகளும் அமைந்தன.

பாய் விரித்த ஆடுகளம்

1930களில் லீக் போட்டிகள் முறையான அமைப்பாக உருப்பெற்றன. சேப்பாக்கத்தில் புல்தரை ஆடுகளம் இருந்தபோதிலும், பிற மைதானங்கள் பலவற்றில் நெடுங்காலம் தென்னை நார்ப் பாயின் மீதே ஆட்டம் நடைபெற்றது. இறுக்கிய மண்தரையின் மீது நீண்ட பாயை விரித்து, விளிம்புகளில் ஆணி அறைந்து இழுத்துக் கட்டுவர். பந்து நாரில் பற்றிக்கொண்டு எழுவதால் உயரமாகத் துள்ளும், கூடுதலாகத் திரும்பவும் செய்யும். பாய் இறுக்கமாக இருந்தால் பந்து விரைவாக வரும். தளர்ந்தால் தயங்கி வரும். எனவே பாயின் இறுக்கத்தைச் சரிபார்ப்பது அணித்தலைவர்களின் முதல் வேலைகளுள் ஒன்றாக இருந்தது. சென்னையில் சுழற்பந்து வீச்சாளர்கள் பலர் தோன்றியதற்கு இப்பாயும் ஒரு காரணம் என்ற கருத்து உண்டு.

பாய் பெரும்பாலும் ஏழ்மையின் அடையாளமாகவே பேசப்படுகிறது. இது முழு உண்மையன்று. புல்தரை ஆடுகளத்திற்கு நாள்தோறும் நீரும் உருளையும் காவலும் தேவை. கல்லூரி மைதானத்திலோ மாலையில் வளைகோல் பந்தாட்டமும் கால்பந்தும் நடக்கும். ஆட்டம் முடிந்ததும் பாயைச் சுருட்டிவிட்டால் மைதானம் மீண்டும் அனைவருக்கும் உரியதாகிவிடும். இரவல் நிலத்தில் ஆடுபவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை.

இத்தகைய களங்களில் புகழ்பெற்றவர் திருவல்லிக்கேணி துடுப்பாட்டக் கழகத்தின் வேகப்பந்து வீச்சாளர் மோ. ஜோ. கோபாலன் ஆவார். இவர் துடுப்பாட்டம், வளைகோல் பந்தாட்டம் ஆகிய இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடியவர். 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே நடந்த ரஞ்சிக் கோப்பையின் முதல் போட்டியில் முதல் பந்தை வீசியவரும் இவரே. அப்போட்டி ஒரே நாளில் முடிவடைந்தது. அதில் ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

மாநகராட்சி விளையாட்டரங்கம்

சென்னையில் மறைந்த துடுப்பாட்ட மைதானங்களுள் மிக முக்கியமானது பெரியமேட்டை அடுத்து, மூர் மார்க்கெட்டுக்கு அருகில் இருந்த மாநகராட்சி விளையாட்டரங்கம் ஆகும். இது பின்னர் நேரு விளையாட்டரங்கம் எனப் பெயர் பெற்றது. சேப்பாக்கத்தில் 1952 பிப்ரவரியில் இங்கிலாந்தை வென்று இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றிருந்தது. ஆயினும் 1956 முதல் 1965 வரை சென்னையின் டெஸ்ட் போட்டிகள் இவ்வரங்கிலேயே நடைபெற்றன. அவை மொத்தம் 9 ஆகும்.

1956 சனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினூ மன்கடும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் சேர்த்தனர். முதல் விக்கெட்டுக்கான இந்த உலகச் சாதனை 52 ஆண்டுகள் நிலைத்து 2008 இல்தான் முறியடிக்கப்பட்டது. மன்கட் எடுத்த 231 ஓட்டங்களே 1983 வரை இந்தியர் ஒருவரின் மிகக்கூடிய டெஸ்ட் ஓட்டமாக இருந்தது. அதைக் கடந்து கவாஸ்கர் ஆட்டமிழக்காமல் 236 ஓட்டங்கள் எடுத்ததும் சென்னையில்தான், ஆனால் சேப்பாக்கத்தில்.

1962 சனவரியில் இங்கிலாந்தை இங்கு 128 ஓட்டங்களால் வென்ற இந்தியா, அந்நாட்டுக்கு எதிரான தன் முதல் தொடர் வெற்றியை உறுதிசெய்தது. 1964 சனவரியில் பாபு நட்கர்னி 32 ஓவர்கள் வீசி 5 ஓட்டங்கள் மட்டுமே கொடுத்தார். அவற்றுள் 27 ஓவர்களில் ஓட்டமே இல்லை. அதிலும் 21 ஓவர்கள் தொடர்ச்சியானவை. இக்கஞ்சத்தனம் இன்றளவும் வினாடி வினாக்களில் கேட்கப்படுகிறது. ஆனால் அது எந்த மைதானம் என்று கேட்டால் சேப்பாக்கம் என்று தவறாகச் சொல்பவர்களே மிகுதி.

1965 பிப்ரவரியில் தொடங்கிய இறுதி டெஸ்ட் போட்டியில் சீ. வெங்கட்ராகவன் அறிமுகமானார். பொறியியல் பட்டதாரியான இவர் பின்னர் இந்திய அணித்தலைவராகவும் பன்னாட்டு நடுவராகவும் விளங்கினார். 1967 பொங்கல் முதல் டெஸ்ட் போட்டிகள் சேப்பாக்கத்திற்குத் திரும்பின. அருகிலிருந்த மூர் மார்க்கெட் 1985 இல் தீக்கிரையானது. பழைய அரங்கம் இருந்த இடத்தில் 1993 இல் கால்பந்துக்கும் தடகளத்திற்குமான புதிய அரங்கம் எழுந்தது. மன்கடும் ராயும் ஆடிய ஆடுகளம் அதன் புல்வெளிக்குள் மறைந்தது.

இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரிலும் இவ்வாறு ஒரு மைதானம் வணிக வளாகமாக மாறியது. அவ்வூரில் மைதானத்தின் பழைய பெயரான பிரயோரி மெடோ என்பதையே வளாகத்திற்கும் சூட்டியுள்ளனர்.

தென்சென்னை மைதானங்கள்

எல்லா மைதானங்களும் மறைந்துவிடவில்லை. மயிலாப்பூரின் விவேகானந்தா கல்லூரி மைதானம், கடற்கரையை ஒட்டிய மெரினா மைதானம் போன்றவை லீக் ஆட்டக்காரர்களின் பல தலைமுறைகளைக் கண்டவை. 1920களில் மாம்பலம் ஏரிப் படுகையில் உருவாக்கப்பட்ட தியாகராய நகரில் சோமசுந்தரம் மைதானம் உள்ளது. இங்கு விடுமுறை நாட்களில் ஒரே வேளையில் பல ஆட்டங்கள் நடக்கும். ஓர் ஆட்டத்தின் எல்லைக்கோட்டுக் காவலர் மற்றோர் ஆட்டத்தின் ஆடுகளத்தருகே நிற்பார். எந்தப் பந்து எந்த ஆட்டத்தினுடையது என்பதில் ஆட்டக்காரர்களுக்குக் குழப்பம் வருவதில்லை.

அடையாற்றை அடுத்து 1959 இல் தொடங்கப்பட்ட இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் இருந்த மைதானம், ஐஐடி-கெம்பிளாஸ்ட் என அழைக்கப்பட்டது. வேளச்சேரியில் ஐசி-குருநானக் கல்லூரி மைதானமும் தரமணியில் சிபிடி-ஐபி மைதானமும் இவ்வாறே பெயர் பெற்றவை. நிலம் கல்வி நிறுவனத்துக்கு உரியது. புல்தரையையும் பணியாளர் செலவையும் ஒரு தொழில் நிறுவனம் ஏற்கும். பெயரின் நடுவிலுள்ள இணைப்புக்கோடு இந்த ஒப்பந்தத்தையே குறிக்கிறது. 1960களுக்குப் பின்னர் கழகங்களும் இவ்வாறே நிறுவனங்களின் ஆதரவைப் பெற்றன. ஜாலி ரோவர்ஸ் கழகத்தைக் கெம்பிளாஸ்ட் நிறுவனம் ஆதரித்தது. இந்தியா சிமெண்ட்ஸ் தன் அணிகளுக்காக வெளிமாநில ஆட்டக்காரர்களையும் பணியில் அமர்த்தியது. ராகுல் திராவிட் அவர்களுள் ஒருவர். பாயின் காலம் முடிந்து புல்தரை வந்ததற்கு இந்நிறுவனங்களின் செலவே பெருங்காரணம். ஆனால் கல்லூரிக்குப் புதிய கட்டடம் தேவைப்பட்டாலோ நிறுவனம் விலகினாலோ மைதானத்திற்கு உறுதியில்லை என்பதே இம்முறையின் பலவீனம்.

நிலத்தின் விலை ஏற ஏற, லீக் போட்டிகள் நகர எல்லையை நோக்கி நகர்ந்தன. காலவாக்கத்தின் எஸ்எஸ்என் கல்லூரி, போரூரின் ஸ்ரீ ராமச்சந்திரா, திருவேற்காட்டின் டிஐ முருகப்பா ஆகிய மைதானங்கள் இவ்வாறு முக்கியத்துவம் பெற்றன. இவை ஆடுவதற்குச் சிறந்தவை. ஆனால் மாலையில் கடைக்குச் செல்லும் வழியில் ஒருவர் நின்று நான்கு ஓவர் பார்த்துவிட்டுப் போகும் இடங்கள் அல்ல. லீக் போட்டிகளுக்குப் பார்வையாளர் குறைந்ததற்குத் தொலைக்காட்சியை மட்டும் காரணம் காட்டுவோர் இதனைக் கருதுவதில்லை.

பதிவுகள்

மறைந்த மைதானங்களைப் பற்றிய நினைவுகள் பெரிதும் ஆட்டக்காரர்களின் வாய்மொழியாகவே உள்ளன. 1998 இல் வெளியான எஸ். முத்தையாவின் சேப்பாக்கம் பற்றிய நூலும், 2002 இல் வெளியான வி. ராம்நாராயணின் நூலும் குறிப்பிடத்தக்க விதிவிலக்குகள். ராம்நாராயண் சென்னை லீக்கில் வளர்ந்து ஐதராபாத்துக்காக ரஞ்சிப் போட்டிகளில் ஆடிய சுழற்பந்து வீச்சாளர். இவரது நூலின் தலைப்பு, மாஸ்கிட்டோஸ், ஜாலி ரோவர்ஸ் ஆகிய இரு சென்னைக் கழகங்களின் பெயர்களால் ஆனது. இவ்விரண்டு நூல்களும் ஆங்கிலத்தில் உள்ளன.

புச்சி பாபுவின் நினைவாக அவர் மறைந்ததை அடுத்துத் தொடங்கப்பட்ட போட்டித் தொடர் சில ஆண்டுகள் தடைப்பட்டு, 2023 இல் மீண்டும் தொடங்கியது. 2024 இல் அத்தொடரின் போட்டிகள் கோயம்புத்தூர், சேலம், திருநெல்வேலி, நத்தம் ஆகிய இடங்களில் நடைபெற்றன. சென்னையில் அவ்வாண்டு ஒரு போட்டியும் நடைபெறவில்லை. 2025 இல் இத்தொடர் சென்னைக்குத் திரும்பியது.