எழுதிய பரிசோதனையும் நிகழ்ந்த பரிசோதனையும்

குருதி உறைதலைத் தடுக்கும் வார்பரின் என்னும் மருந்தின் பெயரிலே ஒரு பழைய மாணவர் கூட்டம் மறைந்திருக்கின்றது. அமெரிக்காவிலுள்ள விஸ்கொன்சின் பழைய மாணவர் ஆராய்ச்சி நிறுவகத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைக் கொண்டே அதற்குப் பெயர் சூட்டினர். 1948 இல் எலிகொல்லியாக வெளிவந்த அது, 1954 இல் மனிதர்க்குரிய மருந்தாயிற்று. பழைய மாணவர் மலரில் அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்ளுதல் பொருந்துமென எண்ணுகின்றோம்.

வார்பரின் மிகின் குருதி பெருகும். குறையின் குருதிக்கட்டி மூளையை அடைந்து பாரிசவாதம் உண்டாகலாம். ஐ.என்.ஆர். எனப்படும் குருதிப் பரிசோதனையே அளவைக் காட்டுவது. பெரும்பாலார்க்கு அது 2 முதல் 3 வரை நிற்றல் வேண்டும். இடையே உட்கொள்ளும் நுண்ணுயிர்க்கொல்லி ஒன்றே அதனைக் குலைத்தல் கூடும். லிதியம், டிகொக்சின் என்பனவும் இத்தகையனவே. முதுமையிற் சிறுநீரகம் தளர, வழக்கமான அளவே நஞ்சாகலாம்.

ஐக்கிய அமெரிக்காவின் முதியோர் பராமரிப்பு இல்லங்களில், ஒவ்வொருவருடைய மருந்துகளையும் மருந்தாளர் மாதம் ஒருமுறையேனும் ஆராய்தல் வேண்டுமென்பது கூட்டரசு விதி. அளவு பிறழ்ந்த முடிவுகளை உடனே வைத்தியருக்கு அறிவித்தலும் விதியே. ஆயின் நிகழாத பரிசோதனைக்கு முடிவு ஏது?

குளிசைக்கு நாள்தோறும் ஒரு கட்டம் உண்டு. கையொப்பமில்லாவிடின் வெற்றிடம் கண்ணிற்படும். நான்கு கிழமைக்குப் பின்வரும் பரிசோதனைக்கோ அத்தகைய கட்டம் இல்லை. வைத்தியர் நாள்தோறும் வருவதில்லை. நினைவு மங்கிய முதியவர் கேட்கவும் அறியார். மடல் வராமையை நலமென்று கொள்வதே பெருங்கேடு.

ஆதலின், மருந்துத் தாளிலேயே பரிசோதனை நாளையும் குறித்தல் வேண்டும். பணித்தது, குருதி எடுத்தது, முடிவு வந்தது, வைத்தியருக்கு அறிவித்தது என நான்கு நிரல் கொண்ட பதிவேட்டை, பொறுப்பான தாதி ஒருவர் நாள்தோறும் பார்த்து, வெற்றிடம் எதனையும் அன்றே விசாரித்தல் வேண்டும். முதியவர் மறுத்தாலும், நரம்பு அகப்படாவிடினும், விடுமுறை குறுக்கிட்டாலும் வைத்தியர் அறிதல் வேண்டும். வைத்தியசாலையிலிருந்து திரும்புபவருக்குப் பரிசோதனை நாளையும் கேட்டுப் பதிதல் இன்றியமையாதது.

பெற்றோரை இத்தகைய இல்லங்களில் விட்டிருக்கும் அன்பர்கள் மூன்று வினாக்களைத் தயங்காது கேட்பாராக: கடைசிப் பரிசோதனை என்று நிகழ்ந்தது? முடிவு யாது? அடுத்தது எந்நாள்?