மலைத்தடத்தில் மிதிவண்டி

சமவெளியில் மிதிவண்டி ஓட்டிப் பழகிய மாணவர், மலையில் ஓட்டுவதற்குக் கால்வலிமை ஒன்றே போதும் என்று எண்ணக்கூடும். வலிமை வேண்டுவதுதான், ஆயினும் அது பாதி வழிக்கே உதவும். ஏறியவரைப் பத்திரமாகக் கீழே கொண்டு சேர்ப்பவை டயரும் பிரேக்கும், தரையின் இயல்பை அறியும் கண்ணும் ஆகும். ஜவ்வாது மலையையே சான்றாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்த இம்மலை வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வந்து, காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் செல்லும் சாலை தார் இட்டது. அதினின்று பிரிந்து சிற்றூர்களுக்கும் சாமைக் கொல்லைகளுக்கும் செல்லும் தடங்களிலோ சரளையும் செம்மண்ணும் மாறி மாறி வரும். அவை மலையாளிகள் என்னும் பழங்குடி மக்கள் நாள்தோறும் நடமாடும் வழிகள். (இப்பெயர் கேரள நாட்டாரைக் குறிப்பதன்று. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்பது இவர்களிடையே வழங்கும் வரலாறு.) காப்புக்காட்டுக்குள் செல்லும் தடமாயின் வனத்துறையின் இசைவு பெற்றே நுழைதல் வேண்டும்.

தரை மாறும்போது டயரின் காற்றும் மாறவேண்டும். ஏன்? ஒரு சக்கரத்தின்மேல் 40 கிலோகிராம் பாரம் இருப்பதாகக் கொள்வோம். காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோகிராம் எனில், டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 10 சதுர சென்டிமீட்டர். அழுத்தத்தைப் பாதியாக்கினால் பரப்பு இரட்டிக்கும். தார்ச்சாலையில் விறைத்த டயர் இலகுவாக உருளும். சரளையில் அதுவே துள்ளி வழுக்கும். சற்றே தளர்ந்த டயர் கற்களின்மேல் படிந்து பற்றிக்கொள்கிறது. ஆனால் அளவுக்கு மிஞ்சித் தளர்த்தினால், கல்லுக்கும் சக்கர விளிம்புக்கும் இடையே டியூப் நசுங்கி, அருகருகே இரண்டு துளைகள் விழும். குறுகிய டயருடைய சாதாரண வண்டியில் இவ்விபத்து எளிதில் நேரும். ஆகவே கையில் பம்பு இல்லாமல் காற்றைக் குறைக்கலாகாது.

ஏற்றத்தைப் பற்றி மிகுதியாகச் சொல்வதற்கில்லை. சரளை மேட்டில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரத்தின் பாரம் குறைந்து, அது வெறுமனே சுழலும். உட்கார்ந்தே மிதிக்க வேண்டும். முடியாதவிடத்து இறங்கித் தள்ளுவதில் இழுக்கொன்றுமில்லை.

இறக்கமே கவனத்திற்குரியது. ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோகிராம் எனில், 100 மீட்டர் உயரம் இறங்குகையில் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 78,000 ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரைச் சுமார் 19 பாகை சூடேற்ற இது போதும். வேகமாக இறங்கினால் காற்றின் எதிர்ப்பு இதில் ஒரு பங்கை ஏற்கும். மெல்ல இறங்கினாலோ பெரும்பகுதியும் பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. வியப்பாகத் தோன்றினும் இதுவே உண்மை. எனவே பிரேக்கை இடைவிடாது பிடித்துக்கொண்டே வராமல் விட்டுவிட்டு அழுத்துவதும், நீண்ட சரிவில் இடையிடையே நின்று ஆறவிடுவதும் நன்று. வளைவுக்கு முன்னரே வேகத்தைத் தணிக்க வேண்டும். சரளையில் முன்பிரேக்கைச் சட்டென்று அழுத்தினால் முன்சக்கரம் வழுக்கும்; பின் விழாமல் தப்புவது அரிது. மழைக்குப் பின்னரோ செம்மண் சேறு சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே அடைத்து வண்டியையே நிறுத்திவிடும்.

இனி நேரத்தைக் கருதுவோம். கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் உள்ள காவலூரில் 1968ஆம் ஆண்டில் வானாய்வு தொடங்கியது, 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி 1986இல் இங்கே இயங்கத் தொடங்கியது. நகர விளக்குகளின் ஒளி எட்டாத இருளை நாடியே வானியலார் இவ்விடத்தைத் தேர்ந்தனர். அவர்கள் விரும்பிய அவ்விருள் மிதிவண்டிக்காரருக்கு இடர் தருவது. கிளைத்தடத்தின் குழியும் கல்லும் அந்தியிலேயே கண்ணுக்குப் புலப்படமாட்டா. மலைச்சரிவில் வெயிலும் முன்னதாகவே மறைந்துவிடும். ஆதலின் காலையில் புறப்பட்டு ஏறுபவர், எவ்வளவு தொலைவு சென்றிருப்பினும், நண்பகல் உணவு முடிந்ததும் வண்டியைத் திருப்பிவிடுதல் வேண்டும்.