நேர்முகப் பரீட்சையில் பொழுதுபோக்கைச் சொல்வது எப்படி?

மாணவர்களே, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையின் பின்னர் உங்களிற் பலர் தொழிலுக்கு விண்ணப்பிப்பீர்கள். சுயவிபரக்கோவையில் கல்வித் தகைமைகளுக்குக் கீழே 'பொழுதுபோக்கு' என்றொரு வரி இருக்கும். பெரும்பாலானோர் 'வாசித்தல், கிரிக்கெட்' என எழுதிவிட்டு அதை மறந்துவிடுகின்றனர்.

எனது முதலாவது நேர்முகப் பரீட்சையில் நானும் 'வாசித்தல்' என்றேன். "கடைசியாக வாசித்த நூல் எது?" என்று கேட்டார்கள். பாடநூலைத் தவிர வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை. அந்த வேலையும் கிடைக்கவில்லை.

ஏன் கேட்கிறார்கள்?

ஒரே பெறுபேறுள்ள பலர் ஒரே வேலைக்கு வருவார்கள். உங்களுடைய பொறுமை, ஒழுங்கு, பிறரோடு சேர்ந்து இயங்கும் பழக்கம் என்பவற்றைச் சான்றிதழ் காட்டாது. பொழுதுபோக்கு காட்டும். நீங்கள் உண்மை பேசுகிறீர்களா என்பதும் இந்த வினாவில் தெரிந்துவிடும்.

மறைக்க வேண்டுமா?

நமது மாணவரிடம் ஒரு தயக்கம் உண்டு. தப்பு அடிக்கத் தெரிந்தவரும் காமன்கூத்தில் வேடம் கட்டியவரும், 'தோட்டத்துப் பிள்ளை என்று குறைவாக நினைப்பார்களோ' எனப் பயந்து அதைச் சொல்வதில்லை. மடக்கும்புரைத் தோட்டத்தில் 1914 இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளையை எண்ணிப் பாருங்கள். ஆசிரியராகவும் தொழிற்சங்கவாதியாகவும் பணியாற்றிய அவர், 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார். தோட்ட மக்கள் பாடிய பாடல்களைத் தேடித் தொகுத்தவரும் அவரே. 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற அத்தொகுப்பு 1983 இல் நூலாக வந்தது. மற்றவர்கள் சாதாரணமாக நினைத்ததை அவர் மதித்தார். கூத்தில் ஆடியவர் பல வாரம் ஒத்திகை பார்த்தவர். கூட்டத்தின் முன் கூச்சமின்றி நிற்கப் பழகியவர். இவை எந்த வேலைக்கும் வேண்டிய தகுதிகளே.

மாதிரி வினாவிடை

கந்தப்பளையில் பழைய ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996 இல் ஹோட்டலாகியது. அத்தகைய ஹோட்டல் ஒன்றுக்கு நீங்கள் விண்ணப்பித்ததாகக் கொள்வோம்.

வினா: உங்கள் பொழுதுபோக்கு என்ன?

குறைவான விடை: "பறவை பார்ப்பேன், சேர்."

நல்ல விடை: "பறவைகளைக் கவனித்துக் குறித்து வைப்பேன், சேர். இரண்டு வருடமாக இதற்கென்று ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். ஆறுமணிக்குருவியை நுவரெலியா விக்டோரியா பூங்காவில் கண்டேன். அது ஒக்டோபர் அளவில் வந்து ஏப்ரல் அளவில் திரும்பிவிடும். விடியற்காலையில் எழும்பவும் பொறுமையாக இருக்கவும் இதனால் பழகினேன். வரும் விருந்தினருக்கும் சொல்லிக்கொடுக்கலாம்."

இவ்விடையில் என்ன, எவ்வளவு காலம், ஓர் உதாரணம், பெற்ற பயன், வேலையுடன் தொடர்பு ஆகிய ஐந்தும் உள்ளன.

நினைவிற் கொள்க

1. செய்யாததைச் சொல்ல வேண்டாம். இரண்டாவது வினாவில் அகப்படுவீர்கள்.
2. அரை நிமிடத்தில் முடியுங்கள். மேலும் கேட்டால் மட்டும் தொடருங்கள்.
3. பலருக்குத் தெரியாத பொழுதுபோக்காயின் முதல் வாக்கியத்தில் அதை எளிமையாக விளக்குங்கள்.
4. வேலை நேரத்தைப் பாதிக்கும் என்று எண்ண இடம் வையாதீர்கள்.

பயிற்சி: உங்கள் பொழுதுபோக்கு ஒன்றைப் பற்றி மேற்கூறிய ஐந்தும் அமைய ஐந்து வாக்கியங்கள் எழுதுக. எழுதியதை வீட்டில் ஒருவருக்கு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொல்லக் கூச்சமாக இருக்கும் விடயம் ஏதுமிருந்தால், முதலில் அதையே எழுதுங்கள்.