வேலை இல்லாத மாதங்களில் செய்த ப்ராஜெக்ட்: ரெஸ்யூமேயில் எப்படிப் போடுவது?

வேலை போய் ஆறேழு மாதம் ஆகிவிட்டால் ரெஸ்யூமேயைத் திறக்கவே பலருக்குக் கை வருவதில்லை. "கேப் இருக்கே, என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று எச்.ஆர். கேட்பார்களே என்ற பயம். அந்த மாதங்களில் ராப்பகலாக உட்கார்ந்து எழுதிய செயலியைக்கூட, "சம்பளம் வாங்காம செஞ்சதுதானே" என்று சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், இதே பயத்தை வைத்துக் காசு பார்க்கும் கன்சல்டன்சிகள், "ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தர்றோம், ரிலீவிங் லெட்டர், பே ஸ்லிப் எல்லாம் வந்துடும்" என்று ஆசை காட்டுகின்றன. முதலாமவர் தன் உழைப்பை இழக்கிறார். கன்சல்டன்சியிடம் போனவருக்குக் குற்ற வழக்கே வரலாம்.

சொந்தமாகச் செய்த ப்ராஜெக்டை ரெஸ்யூமேயில் போட யாருடைய அனுமதியும் வேண்டாம். அதற்குச் சம்பளம் வந்ததா என்பதும் முக்கியமில்லை. நீங்கள் செய்ததா, திறந்து காட்ட முடியுமா, குறுக்குக் கேள்வி கேட்டால் பதில் சொல்ல முடியுமா என்றுதான் நேர்முகத் தேர்வில் பார்ப்பார்கள்.

எழுதும் விதத்தில்தான் சிக்கல் வருகிறது. தெருமுனை மளிகைக் கடைக்காரருக்குப் பற்று வரவு எழுத ஒரு மொபைல் செயலி செய்து கொடுத்தீர்கள் என்று வையுங்கள். அதை வேலை அனுபவம் என்ற தலைப்பின் கீழே ஒரு கம்பெனிப் பெயரையும் 'சீனியர் டெவலப்பர்' என்ற பதவியையும் கற்பித்துப் போட்டால் அது பொய். 'சொந்த ப்ராஜெக்ட்' என்று தனித் தலைப்பிட்டு, தொடங்கிய மாதம், தனியாகச் செய்தீர்களா நண்பரோடு சேர்ந்தா, எந்தத் தொழில்நுட்பம், இப்போது எத்தனை கடையில் ஓடுகிறது என்று நாலு வரி எழுதினால் போதும். ஒரே ஒரு கடை என்றால் ஒரு கடை என்றே எழுதுங்கள். இணையம் இல்லாத நேரத்தில் பதிந்த கணக்கு பிறகு எப்படிச் சேர்கிறது, ஒரே வாடிக்கையாளர் பெயர் இரண்டு முறை வந்தால் என்ன செய்தீர்கள் என்பதை உங்களால் விளக்க முடியுமானால், அந்த ஒரு கடையே ஒரு நல்ல டீம் லீடருக்குப் போதும். பாதியில் நின்ற ப்ராஜெக்டையும் போடலாம், 'முடிக்கவில்லை' என்று சொல்லி.

போலி அனுபவம் மாட்டிக்கொள்வது எளிது. பின்னணி சரிபார்க்கும் நிறுவனங்கள் உங்கள் பி.எஃப். கணக்கின் யூ.ஏ.என். எண்ணில் எந்த நிறுவனம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று பார்க்கின்றன. வருமான வரியின் 26ஏ.எஸ். படிவத்தைக் கேட்பதும் உண்டு. சேர்ந்து பல மாதம் கழித்துத் தெரியவந்தாலும் வேலை போய்விடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 336-ஆம் பிரிவின்படி, ஏமாற்றும் நோக்கத்தோடு போலி ஆவணம் தயாரித்தால் 7 ஆண்டு வரை சிறை. கடிதத்தை அடித்துக் கொடுத்தது கன்சல்டன்சிதானே என்று தப்பிக்க முடியாது. போலி என்று தெரிந்தே பயன்படுத்துபவருக்கும் அதே தண்டனை என்கிறது 340-ஆம் பிரிவு.

இனி உரிமை. பதிப்புரிமைச் சட்டம் 1957, கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. வேலையின் பகுதியாக எழுதிய கோட், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சொந்தம். வேலை இல்லாத காலத்தில் நீங்களாக எழுதியது உங்களுக்கே சொந்தம். பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உண்டு. வேலையை விட்ட பிறகும் இதே துறையில் எதுவும் செய்யக் கூடாது என்று பழைய நிறுவனம் எழுதி வாங்கியிருந்தால் மிரளாதீர்கள். ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. ஆனால் அவர்களுடைய கோடையோ வாடிக்கையாளர் பட்டியலையோ பென் டிரைவில் எடுத்துவந்து உங்கள் ப்ராஜெக்டில் சேர்த்தால் இந்தப் பாதுகாப்பு உதவாது. ரகசியம் காக்கும் கடமை வேலையோடு முடிவதில்லை.

உங்கள் கோடை கிட்ஹப்பில் பொதுவில் வைக்கும்முன் கடவுச்சொல், ஏ.பி.ஐ. சாவி எதுவும் கோடில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அழித்தாலும் பழைய பதிவுகளில் அது அப்படியே இருக்கும்; உடனே சாவியை மாற்றிவிடுவதுதான் வழி. கடைக்காரரின் வாடிக்கையாளர் போன் எண்கள் அதில் இருக்கவே கூடாது. ரெஸ்யூமேயில் ஆதார் எண்ணும் தேவையில்லை.

தேர்வுக்கு என்று ஒரு நிறுவனம் வேலை கொடுத்துச் செய்யச் சொன்னால், எழுதியதை மின்னஞ்சலில் தேதியோடு அனுப்புங்கள். நீங்கள் அவர்களுடைய ஊழியர் இல்லை. உரிமையை மாற்றி எழுதிக் கொடுக்காதவரை அது உங்களிடமே இருக்கும். உங்களைக் கேட்காமல் பயன்படுத்தினால் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப அந்த மின்னஞ்சலே ஆதாரம். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி ஆன்லைனில் பணம் பறித்தவர்கள் மீது 1930 எண்ணில் உடனே புகார் செய்யுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை முடக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

வேலை கிடைத்த மகிழ்ச்சியில் பலர் கோட்டை விடுவது ஒன்று உண்டு. புது நிறுவனத்தின் ஒப்பந்தத்தில், ஊழியர் உருவாக்குவது எல்லாம் நிறுவனத்துக்கே என்ற வரி இருக்கலாம். கையெழுத்துப் போடும் முன்பே, "இந்தச் செயலியைச் சேர்வதற்கு முன் நானே உருவாக்கினேன், இதன் உரிமை என்னுடையது" என்று எச்.ஆருக்கு மின்னஞ்சல் எழுதி, ஒப்பந்தத்தின் இணைப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த மின்னஞ்சலின் நகலை உங்கள் சொந்த முகவரிக்கும் அனுப்பி வையுங்கள்.